அந்நியர் யார்?

2024ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், பத்தாண்டுகளுக்கு ஒரு முறை புனித சவேரியாரின் திருவுடல் மக்கள் வணக்கத்திற்கு வைக்கப்படும் காலத்தில், என் பங்குமக்களுடன் பழைய கோவாவுக்குத் திருப்பயணம் சென்றிருந்தேன். சே பேராலயத்தில் நெடுநேரம் வரிசையில் நின்று வணங்கிய பின்னர், நண்பகல் உணவுக்கு முன் சிறிது பொழுது எஞ்சியிருந்தது. அருகேயுள்ள குன்றின்மேல் இடிந்து கிடக்கும் அகுஸ்தீன் சபைத் துறவியரின் பழைய கோவிலைக் காணச் சிலர் என்னுடன் ஏறி வந்தனர். செம்புராங்கல்லால் எழுப்பிய மணிக்கூண்டின் ஒரு பகுதி மட்டும் வானளாவ நிற்கிறது. மற்றவை கல்லும் புல்லுமாய்க் கிடக்கின்றன.

“ஜார்ஜியா நாட்டு அரசி ஒருத்தியின் எலும்பை இவ்விடத்தில்தான் கண்டெடுத்தார்கள்” என்று நான் சொன்னதும், உடன் வந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நின்றுவிட்டார். “ஜார்ஜியா எங்கே, கோவா எங்கே, சாமி? அந்த அம்மா எலும்பு இங்கே எப்படி வந்தது?” என்றார்.

கேட்கத்தக்க கேள்விதான். கேத்தேவான் என்பவள் ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியாகிய காகேத்தி நாட்டின் அரசி, கணவனை இழந்தவள். பாரசீகப் பேரரசன் ஷா அப்பாஸ் தன் நாட்டை அழிக்காதிருக்கும்பொருட்டுத் தானே பிணையாகச் சென்றாள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஷிராஸ் நகரில் சிறையிருந்தாள். விசுவாசத்தை மறுதலிக்கச் சொன்னபோது மறுத்தாள். 1624 செப்டம்பரில் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் வதைத்துக் கொன்றார்கள். அந்நகரில் அப்போது தங்கியிருந்த போர்த்துக்கேய அகுஸ்தீன் துறவியர் அவள் எலும்புகளை மறைவாக எடுத்துக் காத்து, ஒரு பகுதியைக் கோவாவிலிருந்த தம் மடத்திற்குக் கொண்டுவந்து அடக்கஞ்செய்தனர். அவளோ ஆர்த்தொடாக்ஸ் சபையைச் சேர்ந்தவள். அவர்களோ உரோமைத் திருச்சபைத் துறவியர். அந்த வேற்றுமையை அவர்கள் பொருட்படுத்தவில்லை. நம் காலத்தில் தொல்பொருள் துறையினர் அவ்வெலும்பைக் கண்டெடுக்க, ஐதராபாத்து ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை நடைபெற்றது. 2021 சூலைத் திங்களில் இந்திய வெளியுறவு அமைச்சர் நேரிற் சென்று அதன் ஒரு பகுதியை ஜார்ஜிய மக்களிடம் ஒப்படைத்தார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் எங்களோடு வந்த இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியில் ஜார்ஜியாவைத் தேடிப் பார்த்துவிட்டு, “சாமி, இந்த ஊரா? ராத்திரியில தண்ணி பீச்சி அடிக்கிறாங்களே!” என்று என்னிடம் நீட்டினான். திபிலிசி நகரம். திசம்பர்க் குளிர். காவலர் பீச்சும் நீர்த்தாரைக்கு முன் நனைந்த உடையுடன் மக்கள் நிற்கிறார்கள். ஐந்து சிலுவைகள் பொறித்த தம் நாட்டுக் கொடியையும், பன்னிரு விண்மீன்கள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் ஒருசேரப் பிடித்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய பின்னரும் அக்காட்சி என் நினைவை விட்டகலவில்லை. அந்நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். படித்ததை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

காக்கேசிய மலைத்தொடருக்குத் தெற்கே, கருங்கடலின் கிழக்குக் கரையில் அமைந்த சிறு நாடு ஜார்ஜியா. மக்கள்தொகை நாற்பது இலட்சத்தினும் குறைவு. தனக்கென ஒரு மொழியும், அம்மொழிக்கென ஓர் எழுத்தும் உடையது. நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை ஏற்ற மக்கள் அவர்கள். திராட்சைக் கொடியின் இரு கிளைகளைத் தன் கூந்தலால் கட்டிச் சிலுவையாக்கிக்கொண்டு வந்து போதித்த புனித நீனோ என்ற பெண்ணை இன்றும் தாயெனப் போற்றுகிறார்கள். இத்தகைய நாடு ஒருபுறம் பாரசீகருக்கும் மறுபுறம் துருக்கியருக்கும் இடையே அகப்பட்டுப் பட்ட பாடு கொஞ்சமன்று.

ஆகவே 1783இல் அவர்கள் வடக்கே இருந்த ருஷ்யப் பேரரசின் பாதுகாப்பை நாடி உடன்படிக்கை செய்தனர். ஒரே விசுவாசம் உடையவர்கள் அல்லவா, காப்பாற்றுவார்கள் என்பது நம்பிக்கை. 1795இல் பாரசீகர் திபிலிசியைச் சூறையாடியபோது ருஷ்யப் படை வரவில்லை. 1801இல் வந்தது, காக்க அன்று, நாட்டையே தன்னோடு இணைத்துக்கொள்ள. பத்தாண்டுகள் கழித்து, 1811இல், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னாட்சி பெற்றிருந்த ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியும் பறிக்கப்பட்டது. பல கோவில்களில் பழைய சுவரோவியங்களின்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். இதைச் செய்தவர்கள் வேற்று மதத்தார் அல்லர். ஒரே பலிபீடத்தை வணங்கியவர்கள்.

அந்த அநீதியை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் நம் கத்தோலிக்கக் குரு. அவர் பெயர் மிகேல் தமராஷ்விலி. ஜார்ஜியாவில் கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர். அச்சிறு மந்தையில் தோன்றிய அவர் உரோமையில் வாழ்ந்து, ஜார்ஜியத் திருச்சபையின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் பெருநூலாக எழுதி 1910இல் வெளியிட்டார். தம் சபையல்லாத சபையின் உரிமைக்காக எழுதினார் என்பதைக் கவனியுங்கள். மறு ஆண்டே இத்தாலியக் கடற்கரையில், நீரில் மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றப் பாய்ந்து தாமும் மூழ்கி இறந்தார். குருமடத்தில் பல ஆண்டுகள் திருச்சபை வரலாறு படித்தும் இவர் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. நம் பாடநூல்களில் இவருக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கியிருக்கலாம்.

1918 மே 26இல் ஜார்ஜியா விடுதலை பெற்ற குடியரசாயிற்று. மூன்றாண்டும் நிறையவில்லை, 1921 பெப்ருவரியில் செம்படை திபிலிசிக்குள் நுழைந்தது. மறு ஆண்டு ஜெனோவா நகரில் உலக நாடுகள் கூடியபோது, ஜார்ஜியச் சபைத் தலைவர் அம்புரோசியார், தம் நாடு வலிமையால் கைப்பற்றப்பட்டிருக்கிறது, படைகளை விலக்கச் செய்யுங்கள் என அம்மாநாட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அதற்காகவே சிறைப்பட்டார், 1924இல் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டார். என் ஆன்மா கடவுளுக்கும் என் இதயம் என் நாட்டுக்கும் உரியன, உடலை நீங்கள் விரும்பியபடி செய்துகொள்ளுங்கள் என்னும் கருத்துப்பட அவர் கூறியதாக அம்மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். 1927இல் இறந்தார், அச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியிருக்கிறது.

படையோடு வெளியிலிருந்து வந்தவன் ஆட்சியாளன் ஆனான். அதைப் பற்றி வெளியாருக்குக் கடிதம் எழுதிய உள்ளூர்ச் சபைத் தலைவர் துரோகி ஆனார். இதனை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சோவியத்து ஆட்சியின் எழுபது ஆண்டுகளிலும் அம்மக்கள் வாய்மூடிக் கிடக்கவில்லை. 1978இல் அரசியலமைப்பைத் திருத்தி, ஜார்ஜிய மொழிக்கிருந்த ஆட்சிமொழித் தகுதியை நீக்க மேலிடம் முனைந்தது. ஏப்ரல் 14ஆம் நாள் மாணவர்களும் மக்களும் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். சோவியத்து நாட்டில் அக்காலத்தில் இது எண்ணிப் பார்க்கவும் இயலாத துணிவு. மேலிடம் பின்வாங்கியது, மொழி பிழைத்தது. அந்த நாளைத் தாய்மொழி நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

பதினோராண்டுகள் கழித்து, 1989 ஏப்ரல் 9ஆம் நாள் விடியுமுன் நிகழ்ந்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். விடுதலை கோரி ருஸ்தவேலி வீதியில் அரசாங்கக் கட்டடத்தின் முன் மக்கள் பல நாட்களாக அமர்ந்திருந்தனர். சிலர் உண்ணாநோன்பில் இருந்தனர். நள்ளிரவுக்குப் பின், படைகள் ஆயத்தமாகிவிட்டன என்று அறிந்த முதுபெரும் தந்தை இரண்டாம் இலியா அவ்விடம் வந்தார். ஆபத்து மெய்யானது, நேரம் மிகக் குறைவு, எதிரேயுள்ள கஷ்வேதி கோவிலுக்குள் என்னோடு வாருங்கள், அங்கே செபிப்போம் என்று அழைத்தார். மக்கள் அகலவில்லை. எனவே அங்கேயே அவர்களோடு பரலோக மந்திரத்தைச் சொன்னார். சற்று நேரத்தில் கவச வண்டிகள் நகர்ந்தன. குழி தோண்டும் மண்வெட்டிகளைப் படைவீரர் ஆயுதமாக்கினர், நச்சுப்புகையும் வீசினர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பள்ளி மாணவியரும் இருந்தனர்.

ஆயர் அழைத்தும் மந்தை வரவில்லையே என்று சிலர் குறை கூறக்கூடும். ஆயர் அங்கே சென்றார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அறிக்கை ஒன்று எழுதி அனுப்பிவிட்டு உறங்கியிருக்கலாம்.

சரியாக ஈராண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 9ஆம் நாளில், 1991இல், ஜார்ஜியா தன் விடுதலையை அறிவித்தது. அதன் பின்னும் உள்நாட்டுச் சண்டைகள். 2003 நவம்பரில் தேர்தலில் மோசடி நடந்தது என்று மக்கள் திரண்டு, கையில் உரோசா மலர்களுடன் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, ஒரு துளி இரத்தமின்றி ஆட்சியை மாற்றினார்கள். அவ்வாறு வந்த சாகஷ்விலியும் நாளடைவில் கண்டிப்பு மிகுந்தவராகி, 2007இல் தம்மை எதிர்த்தோரைத் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் கலைத்தார். அம்மக்கள் எந்த ஒருவரையும் தெய்வமாக்கிக் கொள்ளவில்லை. 2012 தேர்தலில் அவர் கட்சியைத் தோற்கடித்து, ருஷ்யாவில் பெருஞ்செல்வம் ஈட்டித் திரும்பிய பிட்சினா இவானிஷ்விலி நிறுவிய ‘ஜார்ஜியக் கனவு’ கட்சியை அமர்த்தினர். இடையே 2008 ஆகஸ்டில் ருஷ்யாவுடன் ஐந்து நாள் போர். நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் இன்றும் ஜார்ஜிய அரசின் கையில் இல்லை. எல்லைக்கோட்டில் முள்வேலி நகர்ந்து வர, தன் பழத்தோட்டமே வேலிக்கு அப்பால் போய்விட்ட உழவர்கள் அங்கே உண்டு.

இத்தகைய நாட்டில், 2019 சூன் 20ஆம் நாள் ஒரு சிறு செயல் பெருந்தீ மூட்டியது. ஆர்த்தொடாக்ஸ் நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர் கூட்டம் திபிலிசியில் நடந்தபோது, அதன் தலைவராகிய ருஷ்யப் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் ஜார்ஜியப் பாராளுமன்ற அவைத்தலைவரின் நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்தினார். பொதுவுடைமையாளர் ஒருவர் திருச்சபையின் பெயரால் வந்து அமர்ந்த விந்தையை என்னென்பது! வீட்டுத் தலைவனின் நாற்காலியில் நிலத்தைப் பறித்தவன் அமர்ந்தான் என்றே மக்கள் கொதித்தனர். அன்றிரவு இரப்பர்க் குண்டுகள் பாய்ந்து சிலர் கண்ணிழந்தனர். அவைத்தலைவர் இராக்லி கோபாகித்சே மறுநாள் பதவி விலகினார். அவரே 2024இல் பிரதமரானார்.

இனி, ‘அந்நியச் செல்வாக்கு’ என்னும் சொல்லுக்கு வருவோம். 2023 மார்ச்சுத் திங்களில் ஆளுங்கட்சி ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. தம் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் சங்கங்களும் செய்தி நிறுவனங்களும் அந்நியச் செல்வாக்கின் முகவர் என்று தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் மூன்று நாள் இடைவிடாது திரண்டனர், முன்வரைவு கைவிடப்பட்டது. ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், ‘அந்நியச் சக்தியின் நலனை மேற்கொண்டு நடத்தும் நிறுவனம்’ என்று பெயரை மட்டும் மாற்றி அதனையே மீண்டும் கொண்டுவந்தனர். மே 14ஆம் நாள் அது நிறைவேறிற்று. குடியரசுத் தலைவர் சலோமே சுராபிஷ்விலி அம்மையார் தடுப்புரிமையைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார்; மே 28இல் பெரும்பான்மை வலிமையால் அதனையும் மீறினர். மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘ருஷ்யச் சட்டம்’. 2012இல் ருஷ்யாவில் இயற்றப்பட்ட இத்தகைய சட்டம் எத்தனை சங்கங்களின் வாயை அடைத்தது என்பதை அவர்கள் அறிவார்கள்.

எங்கள் பங்குப்பேரவையில் கணக்கெழுதும் அன்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “வெளிநாட்டுப் பணம் வாங்குறவன் கணக்குக் காட்டட்டுமே சாமி, அதிலென்ன தப்பு? நம்ம நாட்டிலயும் சட்டம் இருக்கே” என்றார். நேர்மையான கேள்வி. நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இலேயே வந்தது. 2010இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. அதன் நிறைகுறைகளை ஈண்டு நான் ஆராயவில்லை. பிறர் தந்த காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது கடமை என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் கணக்கைக் காட்டு என்பது வேறு. அந்நியன் நலனுக்கு உழைக்கிறேன் என்று உன் கையாலேயே எழுதி உன் வாசலில் மாட்டு என்பது வேறு. தேர்தலைக் கண்காணிப்போரும், ஏழைகளுக்காக வழக்காடுவோரும், அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் நடத்துவோரும் அப்பட்டத்தைச் சுமக்க வேண்டும். ‘அந்நிய முகவர்’ என்ற குற்றச்சாட்டால் 1937இல் தாத்தாவை இழந்த குடும்பங்கள் வாழும் நாட்டில் அந்தப் பட்டம் வெறுஞ்சொல்லன்று. மேலும், ஊழலாகிலும் ஒற்றாகிலும் தண்டிக்கச் சட்டம் முன்னரே இருக்கிறது. அன்பர் சிறிது யோசித்து, “அப்ப கணக்கு நோக்கமில்லை” என்றார். அதுவே என் கருத்தும்.

ஐரோப்பாவும் அந்நியம்தானே என்று வேறொருவர் கேட்கலாம். ஆம். ஐரோப்பாவின் எல்லா வழக்கங்களையும் நான் போற்றுபவன் அல்லன். அங்குள்ள வெறுமையான கோவில்கள் எனக்கும் வருத்தம் தருவனவே. எனினும் அங்கே சேர வேண்டும் என்பதை யாரும் அம்மக்கள்மேல் சுமத்தவில்லை. அவர்கள் அரசியலமைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது; எழுதியது இதே ஆளுங்கட்சியின் ஆட்சிக் காலத்தில். கருத்துக் கணிப்புகளில் ஐந்தில் நால்வர் வரை அதனை விரும்பினர். ஒரு வீட்டுக்குத் தானே விரும்பிச் செல்லும் மணமகளையும், கவர்ந்து செல்லப்படும் பெண்ணையும் ஒன்றெனக் கருதலாகுமா?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. சிற்றூர்களில் ஆளுங்கட்சிக்கு உண்மையாகவே வாக்களித்தோர் உண்டு. அவர்களை அறிவிலிகள் என்றோ விலைபோனவர்கள் என்றோ நகரத்தார் ஏளனம் செய்வது எனக்கு உடன்பாடன்று. 2024 அக்டோபர்த் தேர்தலின்போது ஆளுங்கட்சி தெருவெங்கும் பெரும் படங்கள் வைத்தது. ஒருபுறம் உக்ரைனில் குண்டு வீழ்ந்து இடிந்த கோவில், மறுபுறம் ஜார்ஜியாவில் பொலிவோடு நிற்கும் கோவில். போர் வேண்டாம், அமைதியைத் தேர்ந்தெடு என்பது வாசகம். 2008இன் குண்டோசை கேட்ட தாய்க்கு அப்படம் என்ன சொல்லியிருக்கும் என்பதை உணர முடிகிறது. அச்சம் பொய்யன்று. ஆனால் அடுத்தவன் கோவில் இடிந்ததைக் காட்டி வாக்குக் கேட்பவன், இடித்தவன் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டானே! அதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

அத்தேர்தலில் 54 விழுக்காடு வாக்குகள் ஆளுங்கட்சிக்கு என்று அறிவிக்கப்பட்டது. வாக்காளர்மீது நெருக்குதல் இருந்தது என்று அனைத்துலகப் பார்வையாளர்கள் கூறினர். குடியரசுத் தலைவர் முடிவை ஏற்கவில்லை. நவம்பர் 28ஆம் நாள் மாலை, 2028ஆம் ஆண்டு இறுதி வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுக்கே இடமில்லை என்று பிரதமர் கோபாகித்சே அறிவித்தார். அன்றிரவே மக்கள் ருஸ்தவேலி வீதியை நிறைத்தனர். தலைநகரில் மட்டுமன்று, சிறு நகரங்களிலும் கூடினர். தூதுவர் சிலர் பதவி துறந்தனர். முதல் இரு வாரங்களில் நானூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர். பிடிபட்டோரிற் பலர் கடுமையாக அடிக்கப்பட்டதாக நாட்டின் மக்கள் உரிமைக் காப்பாளரே தெரிவித்தார். நான் கோவாக் குன்றில் கண்ட காட்சி இந்நாட்களுக்குரியது. திசம்பர் 28இல் திபிலிசி நகரெங்கும் மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றனர். மறுநாள் முன்னாள் காற்பந்து வீரர் கவெலாஷ்விலி புதிய குடியரசுத் தலைவராகப் பதவியேற்க, சுராபிஷ்விலி அம்மையார் மாளிகையை விட்டு வெளியேறி, வெளியே காத்திருந்த மக்களோடு சேர்ந்துகொண்டார்.

இவ்வளவு காலமும் திருச்சபை எங்கே இருந்தது? வேறொரு சபையின் ஆயர்களைத் தீர்ப்பிட எனக்கு உரிமையில்லை. ஆயினும் கண்டதைச் சொல்ல வேண்டும். 1989இல் நள்ளிரவில் தெருவுக்கு வந்த அதே இலியா ஆண்டகை, 2024இல் தொண்ணூற்றை எட்டிய முதுமையில் தளர்ந்திருந்தார். அச்சட்டத்துக்கு எதிராகச் சபைத் தலைமையிடமிருந்து உறுதியான சொல் எதுவும் வரவில்லை. சட்டம் நிறைவேறிய மூன்றாம் நாள், மே 17இல், குடும்பத் தூய்மை நாள் என்று பெரும் பவனி நடந்தது. அதனை விடுமுறை நாளாக்கியிருந்த ஆளுங்கட்சியினரும் அதில் கலந்துகொண்டனர். குடும்பத்தின் தூய்மையை எந்தக் குரு வேண்டாம் என்பான்? ஆனால் ஆட்சியாளன் தன் பிழைகளின்மேல் போர்த்திக்கொள்ள நம் காப்பாவை இரவல் கேட்கும்போது, அதனைக் கழற்றிக் கொடுத்துவிடுவது எளிது. திரும்பப் பெறுவது கடினம். 1811இன் வரலாற்றை நம்மினும் நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

2025இல் நிலைமை இன்னும் இறுகியது. வெளிநாட்டு உதவி பெற அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. சாலையை மறித்தால் தண்டமாக 5,000 லாரி என்பது அதற்கு முன்னரே வந்துவிட்டது. அது சாதாரண மாதச் சம்பளத்தைவிட மிகுதி. அக்டோபரில் தண்டம் போய்ச் சிறைவாசமே வந்தது. சனவரித் திங்களில், பத்திரிகை ஆசிரியர் ம்சியா அமக்லோபெலி அம்மையார் பத்தூமி நகரில் காவல்துறை அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார் என்று கைதானார். கை நீட்டியது தவறே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்காய்ச் சிறையில் வைத்து, நோயால் பார்வை மங்கிவரும் அவருக்கு ஆகஸ்டில் ஈராண்டுச் சிறை விதித்தார்கள். தெருவில் மக்களை அடித்த கைகளுக்கு அத்தகைய தண்டனை எதுவும் இல்லை. அவர் சிறையிலிருந்தபோதே ஐரோப்பியப் பாராளுமன்றம் 2025ஆம் ஆண்டுக்குரிய சகாரவ் விருதை அவருக்கும், பெலருசில் சிறைப்பட்டிருந்த மற்றொரு பத்திரிகையாளருக்கும் அறிவித்தது.

2025 நவம்பர் 28ஆம் நாளோடு ஓராண்டு நிறைந்தது. கூட்டம் முதல் வாரங்களில் இருந்ததுபோற் பெரிதன்று. வேலை முடிந்து வருவோர், ஓய்வு பெற்ற முதியோர், சிறைப்பட்ட மகனின் படத்தைக் கழுத்தில் மாட்டிய தாய்மார் ஆகியோரே ஓராண்டுக் காலமும் ஒவ்வோர் இரவும் வந்து நின்றார்கள். அன்று மாலையும் ருஸ்தவேலி வீதியில், பாராளுமன்றத்துக்கும் கஷ்வேதி கோவிலுக்கும் இடையே, கொடிகளோடு கூடினார்கள்.